முரளிக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள முரளி,

பாப்பாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கம்பெனி லேப்டாப்பில் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் இருக்குமாமே, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படி ஒரு லேப்டாப்பில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது சில நிமிஷத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து அனுப்பிவிடும். எந்த சைட்டில் எவ்வளவு நேரம் இருந்தோம், மவுஸ் எப்போது அசைந்தது, எல்லாவற்றுக்கும் கணக்கு. நோட்டில் கிறுக்கி யோசித்துத் தீர்த்த சிக்கலெல்லாம் அதற்குச் சும்மா இருந்த நேரம்தான். ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பி மேல் விழுந்தால் இங்கே கரண்ட் வரச் சாயங்காலம் ஆகிவிடும், டவரும் போய்விடும், அதற்கும் விளக்கம் எழுத வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மழைக்காலத்தில் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் மெயிலில் வந்தது, சாப்பாட்டு இடைவேளையில் திறந்து பார்த்தேன். மாதக் கடைசி மீட்டிங்கில் மேனேஜர் ஓட்டிக் காட்டிய படங்களில் அதுவும் வந்தது, அம்மா பெயர், வயது, டாக்டர் எழுதியிருந்தது எல்லாம் பளிச்சென்று, பத்துப் பேர் பார்க்க. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வேலை நடக்கிறதா என்று பார்க்கட்டும், சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் வீட்டு நோயைப் பார்க்க அவர்கள் யார்?

சட்டம் காப்பாற்றுமா என்றால், இப்போதைக்கு முழுசாக நம்ப முடியாது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும் நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் தடுக்கவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாள இடம் கொடுக்கிறது. இந்த வாசல் ரொம்பவே அகலம். ருமேனியாவில் ஆபீஸ் மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதற்காக வேலை போன பார்புலெஸ்கு என்பவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், அதே 2017இல் ஜெயித்தார். கண்காணிக்கப் போகிறோம், இந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்று அவரிடம் முன்கூட்டியே சொன்னார்களா என்பதை அங்கே முக்கியமாகப் பார்த்தார்கள். நியூயார்க் மாநிலத்திலும் 2022இலிருந்து வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். நமக்கும் குறைந்தது அதுவாவது வேண்டும்டா, மறைத்துப் பார்ப்பதை மேற்பார்வை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் பாப்பா சேருவதற்கு முன்பே மெயிலில் கேட்கட்டும்: எதையெல்லாம் பதிவு செய்கிறீர்கள், கேமராவும் மைக்கும் உண்டா, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், வேலை நேரம் முடிந்ததும் நின்றுவிடுமா. கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், ஒழுங்கான இடம் பதில் சொல்லும். பேங்க், ஆஸ்பத்திரி, சொந்த வாட்ஸ்அப் எதையும் அந்த லேப்டாப்பில் திறக்கவே வேண்டாம், எல்லாம் தன் போனில், அதுவும் வீட்டு நெட்டில்.

ஆர்டரோடு வந்த பாலிசிப் பேப்பரை எனக்கு அனுப்பு, அவள் கையெழுத்துப் போடுவதற்குள் நானும் ஒருமுறை படித்துவிடுகிறேன். அம்மா இப்போது தேவலை, உன்னை விசாரித்தார்கள். மே மாதம் மேலே வருவதென்றால் இ-பாஸ் எடுத்துவிடு.

அன்புடன்,
சேகர்