சின்னவளும் சடைநாயும்

கொக்குவில்

அன்புள்ள மகள்,

நாங்கள் சுகம். அப்பாவின்ர முழங்கால் நோ குறைஞ்சிட்டுது. மாமரத்துக்கு ஏணி வைக்கிற அளவுக்குக் குறைஞ்சதுதான் எனக்கு இப்ப பயம்.

நீங்கள் நாய் வாங்கப் போற விசயத்தைப் போனில கதைச்சால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு சொல்லி வைச்சிடுவாய். மாமி செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவுக்கு வெளிக்கிடுறா. அதான் எழுதிக் குடுத்து விடுறன்.

நீ அனுப்பின படங்களை மூண்டு தரம் பாத்தன். மருமகனுக்கு ஹஸ்கி வேணுமாம், பெரியவனுக்கு லப்றடூடில் வேணுமாம். சின்னவளுக்கு எது வந்தாலும் சந்தோசம். பாவம், தொய்வு (ஆஸ்மா) அவளுக்குத்தான்.

ஹஸ்கியை இப்பவே விடு. சைபீரியாப் பனியில வண்டில் இழுக்க வளத்த சாதி அது. நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போக, ஏழாம் மாடியில கதவைப் பாத்து ஊளையிட்டுக் கொண்டு கிடக்கும். வருசத்தில ரெண்டு தரம் உள்மயிர் முழுக்கக் கொட்டும். இஞ்ச பின்வீட்டுக்காரருக்கு மகன் வெளியால இருந்து காசு அனுப்பி ஒரு சடைநாய் எடுத்துக் குடுத்தவன், பொமரேனியன். சித்திரை வெயிலுக்கு அது கிணத்தடி ஈரத்தில வயித்தை ஒட்டிக் கொண்டு கிடக்கிறதைப் பாக்க ஏலாது. ஆருக்குச் சந்தோசமெண்டு வாங்கினவையோ தெரியாது.

லப்றடூடில் "அலர்ஜி இல்லாத நாய்" எண்டு விளம்பரத்தில போட்டிருக்கு எண்டாய். மகள், அலர்ஜி மயிரில இல்லை. நாயின்ர எச்சில், தோல்ப் பொடுகு, மூத்திரம், இதுகளில இருக்கிற புரதம்தான் நெஞ்சை இறுக்கிறது. மயிர் அதைக் காவித் திரியும், அவ்வளவுதான். லப்றடூடில் பாதி பூடில் சாதி. பூடில் மயிர் பெரிசாக் கொட்டாது, ஆனால் நக்காமல் விடுமே? 2011 இல அமெரிக்காவில நாய் வளக்கிற வீடுகளில தூசு எடுத்து அளந்து பாத்தவை. அலர்ஜி குறைஞ்சது எண்டு விக்கிற சாதி நிண்ட வீட்டுக்கும் மற்றச் சாதி நிண்ட வீட்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை.

அந்த லப்றடூடில் வந்த கதையையும் கேள். 1980களின்ர கடைசியில, ஹவாயில கண் தெரியாத ஒரு மனிசிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டுது. ஆனால் அவவின்ர மனிசனுக்கு நாய் அலர்ஜி. அவுஸ்திரேலியாவில அப்பிடி நாய் பழக்கிற வொலி கொன்ரன் எண்டவர் முதல் பூடிலுகளைப் பழக்கிப் பாத்து, சரிவராமல், லப்றடோரையும் பூடிலையும் சேத்தார். மூண்டு குட்டி. மூண்டின்ர மயிரையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்ப, அந்த மனிசனுக்கு ஒத்து வந்தது ஒரே ஒரு குட்டி. ஒரே தாய், ஒரே ஈத்து, அதிலயே ரெண்டு சரிவரேல்லை. பிறகு ஆரும் ஆரும் கண்டபாட்டுக்குக் கலந்து விக்கிறதைப் பாத்து, ஏன் இதைத் துவங்கினன் எண்டு அவரே கவலைப்பட்டவர். நீ ஆயிரக்கணக்கில டொலர் குடுக்கப் போறது அந்த ஒண்டுக்கோ, மற்ற ரெண்டுக்கோ?

"நாங்களும் எங்கட நாய் வீமனோடதானே வளந்தம், எனக்கு ஒண்டும் வரேல்லையே" எண்டு கேட்டாய். அதுக்குத்தான் இந்தக் கடிதமே.

வந்தது. உனக்கு அஞ்சு வயசு. மாசிப் பனிக்கை ஒரு கிழமை வீமன் விறாந்தையில உன்ர பாயில படுத்தவன். மூண்டாம் நாள் ராத்திரி உன்ர நெஞ்சு பூனைக்குட்டி மாதிரிக் கத்துது. விடியப்பறம் அப்பா சைக்கிளில வைச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினவர். அடுத்த நாளே வீமனை மாமரத்தடிக்கு மாத்தினம். உன்னால எண்டு சொன்னால் நீ தாங்க மாட்டாய். அம்மம்மாதான், "நான் தேவாரம் படிக்கிற இடம், நாய் வரக்கூடாது எண்டு என்ர தலையில போடு பிள்ளை" எண்டவ. நீ ரெண்டு கிழமை அவவோட கதைக்கேல்லை. சாகுமட்டும் அவ அதை உனக்குச் சொல்லவும் இல்லை.

அதுக்குப் பிறகு உனக்கு வராததுக்கு, வீமன் முற்றத்தோட நிண்டதுதான் காரணம். சாம்பல்ல படுப்பான், கிணத்தடியில தண்ணி குடிப்பான். வீடு சீமெந்து நிலம், யன்னல் எல்லாம் திறந்தபடி. உன்ர வீட்டில காபெற். கார்த்திகையில சாத்தின யன்னல் சித்திரையிலதான் திறக்கும். நாய் படுக்கிற காத்தைத்தான் சின்னவளும் இழுக்க வேணும்.

வேண்டாம் எண்டு சொல்லேல்லை. முதல் சின்னவளுக்குத் தோல்ப் பரிசோதனை செய்வி. அலர்ஜிக் குளிசையை ஒரு கிழமை போல முன்னமே நிப்பாட்டச் சொல்லுவினம், டொக்டரிட்டைக் கேட்டு நிப்பாட்டு, நீயா நிப்பாட்டாதை. இரத்தத்திலயும் பாக்கலாம். சிலருக்கு ஆண் நாயின்ர புரொஸ்டேற் சுரப்பியில இருந்து வாற ஒரு புரதம் மட்டும்தான் ஒத்துக்கொள்ளாது. அப்பிடியான ஆக்கள் பெட்டை நாயோட இருக்கலாம். முப்பது வருசம் நேர்சாய் இருந்த எனக்கே இது பென்சன் எடுத்த பிறகுதான் தெரியும்.

பிறகு, எடுக்கப் போற அதே நாயோட அவளை இருத்திப் பார். ஒருநாள் காணாது. மூண்டு நாலு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலமாவது. கொஞ்சி விளையாடட்டும். தொய்வுக்கு இழுக்கிற பம்ப் உன்ர கையில இருக்கட்டும். அண்டு ராத்திரி அவளின்ர நித்திரையைப் பார்.

எனக்கு விட்டால், ஒரு சின்னப் பூடில், பெட்டை, மூண்டு நாலு வயசானது. குட்டி வேண்டாம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூத்திரத்துக்குத் தை மாசப் பனியில லிப்டில இறங்கப் போறது ஆர்? பெரியவன் எண்டு சொல்லாதை. பூடில் பதினைஞ்சு வருசமும் இருக்கும், அவன் இன்னும் ஆறு வருசத்தில யூனிவேசிற்றிக்குப் போயிடுவான். ஆறு கிழமைக்கு ஒருக்கா மயிர் வெட்ட வேணும், இல்லாட்டிச் சிக்குப் பிடிச்சுத் தோல் புண்ணாகும். அந்தச் செலவையும் மருமகனுக்கு இப்பவே சொல்லி வை. கிழமையில ரெண்டு தரம் குளிப்பாட்டு, விட்டால் சில நாளில அந்தப் புரதம் திரும்பவும் பழையபடி வந்திடும். அவளின்ர படுக்கையறைக்குள்ள மட்டும் நாய் போகவே கூடாது. ஆரைக் குற்றம் சொல்லித் தடுக்கிறது எண்டு யோசிச்சால், என்ர பேரைச் சொல்லு.

மாமியிட்டை ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் குடுத்து விட்டிருக்கிறன். ஒடியல் மாவைக் கூழுக்கு முதல் ஊறப் போட மறந்திடாதை, போனதரம் கைச்சது எண்டனீ.

அன்புடன்,
அம்மா