எதிராளிக்கும் ஒரு சுற்று கொடுங்கள்

‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தின் சீட்டுகளை வடிவமைக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் குழுவினருக்கு,

வணக்கம். பெரிய கிரியேச்சர்கள் (களத்தில் நின்று சண்டையிடும் உயிரினச் சீட்டுகள்) வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. அவற்றுக்காகத்தான் பலர் இந்த ஆட்டத்துக்கே வருகிறார்கள். களத்தில் அவை இறங்கிய பிறகு, எதிராளி பதில் சொல்ல ஒரு சுற்றாவது மிஞ்சட்டும் என்பதே என் வேண்டுகோள்.

2010-இல் நீங்கள் வெளியிட்ட ‘எம்ரகுல், தி ஏயான்ஸ் டோர்ன்’ சீட்டை எண்ணிப் பாருங்கள். விலை 15 மனா (சீட்டை ஆடச் செலவிடும் சக்தி), 15/15 (தாக்கும் வலு 15, தாங்கும் வலு 15), பறக்கும். நிறமுள்ள மந்திரங்களால் குறிவைக்க முடியாது. தாக்கினால் எதிராளி தன் களத்திலிருந்து ஆறு சீட்டுகளைப் பலி கொடுக்க வேண்டும். பழைய சீட்டுகளையும் அனுமதிக்கும் லெகஸி ஆட்டமுறையில் இதை மூன்றே மனாவுக்கு, ‘ஷோ அண்ட் டெல்’ மூலம் கையிலிருந்து நேராக இறக்கிவிடுகிறார்கள். ஆனால் அப்படி இறக்கினால், முறைப்படி ஆடும்போது எம்ரகுல் தரும் கூடுதல் சுற்று கிடைக்காது. வந்த சுற்றிலேயே தாக்கவும் முடியாது. ஆட்டம் சூடுபிடிப்பது அந்த இடைவெளியில்தான். ‘கராகஸ்’ நிலம் எம்ரகுலைக் கைக்கே திருப்பி அனுப்பும். ‘ஷோ அண்ட் டெல்’ எதிராளிக்கும் ஒரு சீட்டை இறக்க இடம் தருவதால், அந்தக் கராகஸை அவர் அப்போதே இறக்கலாம். ‘டயபாலிக் எடிக்ட்’ குறிவைப்பது கிரியேச்சரை அல்ல, ஆட்டக்காரரை. எம்ரகுல் தனியே நின்றால் அதையே பலி கொடுத்தாக வேண்டும். ‘ராத் ஆஃப் காட்’ எதையும் குறிவைக்காமல் எல்லா கிரியேச்சர்களையும் அழிக்கும். அத்தனை பாதுகாப்பு இருந்தும், விதிகளை நுணுகிப் படித்தவருக்கு வழி இருந்தது. எவ்வளவு அழகான வடிவமைப்பு!

இப்போது அதே ‘ஷோ அண்ட் டெல்’ மூலம் 2023-இன் ‘அட்ராக்ஸா, கிராண்ட் யூனிஃபையர்’ இறங்குகிறது. 7/7. வந்தவுடன் கட்டின் மேல் பத்துச் சீட்டுகளைத் திறந்து, வகைக்கு ஒன்றாகக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அட்ராக்ஸாவுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ‘ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ்’ ஒரு மனாவில் அதை ஆட்டத்திலிருந்தே நாடு கடத்திவிடும். ஆனால் அதன் உரிமையாளர் கையில் மூன்று நான்கு புதிய சீட்டுகள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. போகிற போக்கில், ‘ஸ்வோர்ட்ஸ்’ விதிப்படி அட்ராக்ஸாவின் வலுவுக்கு ஈடாக அவருக்கு 7 உயிர்ப்புள்ளிகளும் கிடைக்கின்றன. சரியான பதிலைச் சரியான நேரத்தில் ஆடியவர் தோற்றுக்கொண்டிருக்கிறார். எம்ரகுலிடம் தோற்றால் அடுத்த முறை என்ன வைத்திருக்க வேண்டும் என்று யோசிப்போம். இங்கே யோசிக்க என்ன இருக்கிறது? 2015-இன் ‘உலமோக், தி சீஸ்லெஸ் ஹங்கர்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது: அதை கவுண்டர் செய்தாலும் (களத்துக்கு வரும் முன்பே முறியடித்தாலும்), ஆடிய கணத்திலேயே நம் களத்தின் இரண்டு சீட்டுகள் போய்விடும்.

உங்கள் தரப்பு நியாயம் புரிகிறது. ‘பேன்ஸ்லேயர் ஏஞ்சல்’ போன்ற ஒன்றை ஐந்து மனா கொடுத்து இறக்கி, எதிராளி ஒரே மனாவில் அதை நீக்கிவிட்டால் யாருக்கும் வலிக்கும். அதனால்தான் வந்தவுடனே பலன் தரும் கிரியேச்சர்கள் பெருகின. ஆனால் அதற்கு நல்ல மாற்றை 2021-இல் நீங்களே தந்தீர்கள்: ‘வார்ட்’. குறிவைக்கலாம், ஆனால் கூடுதல் விலை கொடு என்கிறது அது. குறிவைக்கவே விடாத ‘ஹெக்ஸ்ப்ரூஃப்’ போலக் கதவை அடைப்பதில்லை.

ஆகவே, அடுத்த பெரிய கிரியேச்சருக்கு வார்ட் கொடுங்கள், ஆனால் அதன் பெரும்பலனைத் தாக்கும்போதோ அடுத்த சுற்றின் தொடக்கத்திலோ வையுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவற்றுக்குப் பதிலும் எல்லா நிறங்களுக்கும் வேண்டும். நீல நிறச் சீட்டுகளை ஆடுபவரிடம் அந்த வருகைப் பலனையே கவுண்டர் செய்யும் ‘டிஷானாஸ் டைட்பைண்டர்’ இருக்கிறது. ‘டார்பர் ஆர்ப்’ எவருக்கும் பொது, ஆனால் முன்கூட்டியே களத்தில் இருந்தால்தான் உதவும். சிவப்பும் பச்சையும் கருப்பும் ஆடுகிறவர்களுக்கு, அந்தக் கணத்திலேயே கையிலிருந்து ஆடக்கூடிய ஒரு சீட்டை அடுத்த தொகுப்பிலாவது சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவர்