பத்துப் பேரில் ஒரு கோலி (கோல்கீப்பர்) கூட இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் 'கீழ்ப்பிரிவு லீக்குகளின் தலைசிறந்த 10 கால்பந்து வீரர்கள்' என்று ஒரு வரிசை போட்டிருந்தீர்கள். அதனால் இங்கே தங்கச்சிமடத்தில் இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. ஒன்று என் வீடு, இன்னொன்று என் மச்சான் வீடு.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல் தொடங்கியது, ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கிறோம், எஞ்சினைப் பிரிக்கிறோம், வலையில் கிழிசல் அடைக்கிறோம். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா கிடந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மணலில் சவுக்குக் கம்பு நட்டுப் பந்தாட்டம். அது முடிந்ததும் உங்கள் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு சண்டை.

முதல் சண்டை உங்கள் முதலிடத்தைப் பற்றி. ஜேமி வார்டியை முதலில் வைத்திருக்கிறீர்கள், இரண்டாவதாக என்கோலோ கான்டே. இருவரும் பெரிய ஆட்டக்காரர்கள், அதில் தகராறு இல்லை. வார்டி 2011-12 சீசனில் ஃப்ளீட்வுட் டவுன் அணிக்காக இங்கிலாந்தின் ஐந்தாம் பிரிவில் 31 கோல் அடித்தார். அதைப் பார்த்துத்தான் லெஸ்டர் சிட்டி 10 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை எடுத்தது. சரி, அந்த ஒரு சீசனுக்காக அவருக்கு இடம் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் அவருக்கு எழுதிய எட்டு வரியில் ஆறு வரி 2016-ல் லெஸ்டர் அங்கே முதல் பிரிவான பிரீமியர் லீக்கை வென்ற கதை. கான்டே விஷயம் இன்னும் மோசம். பிரான்சின் மூன்றாம் பிரிவில் பூலோன் அணிக்காக அவர் முழுசாக ஆடியது ஒரே ஒரு சீசன். அப்புறம் கான், லெஸ்டர், செல்சி, 2018 உலகக் கோப்பை. ஒரு வருஷம் குடியிருந்துவிட்டுப் போனவரை அந்தத் தெருவிலேயே பெரிய மனுஷன் என்று சொன்னால், முப்பது வருஷமாக அங்கே இருக்கிறவன் என்ன நினைப்பான்? கீழ்ப்பிரிவை விட்டுக் கிளம்பியவர்களை வரிசைப்படுத்திவிட்டுக் கீழ்ப்பிரிவு வரிசை என்று தலைப்புப் போட்டுவிட்டீர்கள்.

இதை நான் சொன்னதும் என் மருமகன் (தங்கை மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான்) போனை எடுத்தான். "அப்படின்னா ஆர்தர் ரவுலி யாருன்னு பாருங்க மாமா" என்றான். பார்த்தேன். இங்கிலாந்து லீக் வரலாற்றில் எவரைவிடவும் அதிகமாகக் கோல் அடித்தவர். 1946-லிருந்து 1965 வரை 619 ஆட்டங்களில் 434 கோல். லெஸ்டரில் 251 அடித்து முடித்த பிறகு, 32 வயதில் ஷ்ரூஸ்பரி டவுனுக்கு ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் போனார். அங்கே நான்காம் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும் இன்னொரு 152. இங்கிலாந்தின் முதன்மைத் தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. உங்கள் பத்தில் இவர் பெயர் இல்லை. இவர் இல்லாமல் இந்தத் தலைப்பில் எப்படி ஐயா ஒரு வரிசை போட முடிந்தது?

அங்கேயே சண்டை தீர்ந்திருக்கும். மச்சான் விடவில்லை. அவர் கட்சி ஜோ பெய்ன். 1936 ஏப்ரல் 13, மூன்றாம் பிரிவு (தெற்கு), லூட்டன் டவுனும் பிரிஸ்டல் ரோவர்ஸும். லூட்டனுக்கு ஃபார்வர்டு ஆள் இல்லாமல், நடுவில் ஆடிக்கொண்டிருந்த பெய்னை முன்னால் நிறுத்தினார்கள். ஆட்டம் 12-0. அதில் பெய்ன் மட்டும் 10. ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல் என்ற அந்தக் கணக்கை இங்கிலாந்து லீக்கில் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. "ஆள் இல்லாம நிறுத்துனவன் பத்து அடிச்சான் மாப்ள, உன் ரவுலி ஒரு நாளாவது அடிச்சானா?" என்று மச்சான் வலை ஊசியை நீட்டிக்கொண்டு கேட்கிறார்.

எங்கள் தொழிலில் பிடிபட்டதைப் 'பாடு' என்போம். ஒருநாள் ஒருவனுக்குப் படகு கொள்ளாத பாடு கிடைக்கும். அதோடு அவன் ஊரிலேயே நல்ல தொழிலாளி ஆகிவிடுவானா? வருஷம் முழுக்க வெறும் வலையோடு திரும்பாதவனைத்தான் படகுக்காரர்கள் தேடிப்போய் முன்பணம் கொடுக்கிறார்கள். மச்சானுக்கும் இது தெரியும், அவரே அப்படித் தேடிப்போகிற ஆள்தான். ஆனால் பந்தாட்டம் என்று வந்துவிட்டால் அவர் கணக்கே வேறு. பெய்னுக்கு நான் ஏழாம் இடம் தருகிறேன். அதற்கு மேல் ஒரு படி ஏற்ற மாட்டேன்.

எங்கள் வரிசையில் நான்காவது இடத்துக்கு மருமகன் சொன்ன பெயர் அடேபாயோ அகின்ஃபென்வா. ஆள் பார்க்க மல்யுத்த வீரர் மாதிரி இருப்பார். 2016-ல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த பிளே-ஆஃப் ஃபைனலில் விம்பிள்டன் அணிக்காகக் கடைசி நேரத்தில் பெனால்டி அடித்து அணியை மூன்றாம் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்ட கையோடு டி.வி. பேட்டியில், எனக்கு இப்போது வேலை இல்லை, மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்ஆப்பில் கூப்பிடுங்கள் என்றார். விக்கம் அணி கூப்பிட்டது. 2020-ல் அந்த அணியோடு இரண்டாம் பிரிவுக்கு ஏறும்போது அவருக்கு வயது 38. இங்கிலாந்தில் ஆடிய காலம் முழுக்கக் கீழேயே ஆடி, அங்கேயே பெயர் வாங்கிய ஆள். இவரை நீங்கள் 'சுவாரசியமான பிறர்' என்று ஒரு கட்டத்துக்குள் போட்டிருக்கிறீர்கள்.

இனி என் சொந்தக் குறை. நான் கோலியாக நின்றவன். பத்து இடத்தில் எட்டு ஃபார்வர்டு, இரண்டு மிட்ஃபீல்டு. பின்னால் நிற்கிறவன் ஒருவன் இல்லை. எங்கள் திடலில் மேற்குப் பக்கம் கோல் போஸ்ட் எடுப்பவனுக்குக் கச்சான் காற்று முதுகில் இருக்கும், எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு மணல் கண்ணில் அடிக்கும். அந்தப் பக்கம்தான் நான் நிற்பேன். ஒரு ஃபைனலில் எட்டுப் பந்தைத் தடுத்தேன். ஒன்பதாவது, காற்று தூக்கிக்கொண்டுவந்து தலைக்கு மேலே போட்டது. பின்னால் ஓடினேன், கால் மணலில் புதைந்தது, பந்து கம்புக்குள் ஓடிவிட்டது. இருபது வருஷம் ஆயிற்று. மீன் ஏலம் எடுக்க வருகிறவர்கூட இன்றைக்கும் அந்த ஒன்பதாவதைத்தான் கேட்கிறார்.

அதனால்தான் ஸ்விண்டன் டவுன் கோலி பீட்டர் டவுன்ஸ்பரோ மேல் எனக்குத் தனிப் பாசம். 1969 லீக் கோப்பை ஃபைனல். மூன்றாம் பிரிவு ஸ்விண்டன், முதல் பிரிவு ஆர்சனல். முன்னதாகக் குதிரைக் காட்சி நடந்து வெம்பிளி மைதானம் சேறாகக் கிடந்தது. ஆர்சனல் அடித்த பந்தையெல்லாம் டவுன்ஸ்பரோ தடுத்துக்கொண்டே இருந்தார். 86-வது நிமிடத்தில் முன்னால் ஓடிவந்து உதைத்த பந்து ஆர்சனல் ஆள் மேல் பட்டுத் திரும்ப, கோல். ஆட்டம் 1-1. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கூடுதல் நேரத்தில் டான் ரோஜர்ஸ் இரண்டு அடித்து 3-1 என்று ஸ்விண்டன் கோப்பையைத் தூக்கியது. அதே அணியில் இடது பேக்காக ஆடிய ஜான் டிரோலப், ஸ்விண்டனுக்கு மட்டும் 770 லீக் ஆட்டம் ஆடியவர். ஒரே கிளப்புக்கு அவ்வளவு ஆட்டம் ஆடிய வேறு ஆள் இங்கிலாந்து லீக்கில் கிடையாது. இந்த இருவரில் ஒருவருக்காவது இடம் இல்லாத வரிசையை நான் ஏற்றுக்கொள்ள முடியாது.

நம் நாட்டு ஆள் ஒருவர்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய லீக் என்ற வெளிச்சம் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பக்கம் போன பிறகு, 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி, அதற்கு முன் நாட்டின் முதல் லீக்காக இருந்த ஐ-லீக்கை வென்றது. எல்லோரும் 21 கோல் அடித்த பெத்ரோ மான்சியைப் பேசினார்கள். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்தபோது இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா, பின்வரிசை ஆட்டக்காரர். அதே சென்னை சிட்டியில் அதற்கு முந்தைய சீசனில் ஐ-லீக்கின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது வாங்கியவர் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்துக்காரர். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் கரையில் பொடியன்கள் எழுந்து நிற்பார்கள். எங்கள் மணலிலும் அப்படிக் கால் வாகு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழ்ப்பிரிவே எட்டாத உயரம்.

ஜூன் 15 விடியுமுன் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு நாங்கள் கடலுக்குப் போய்விடுவோம். அதற்குள் ரவுலியா பெய்னா என்று ஒரு வரி உங்கள் பக்கத்தில் போட்டுவிடுங்கள். தோற்றவர் மொத்த டீமுக்கும் புரோட்டா வாங்கித்தர வேண்டும் என்று பந்தயம். டீமில் பதினாறு பேர், இரண்டு பேர் எவ்வளவு சாப்பிட்டாலும் போதும் என்று சொல்லாத ஆட்கள்.

இப்படிக்கு,
பழைய கோலி ஒருவன்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.