முழுவதையும் பார்த்த பிறகு வெட்டப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில கிழமைகளுக்கு முன்னர் உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் "மூன்று மாதத்தில் வீடியோ எடிற்றிங்" என்று வகுப்பு விளம்பரங்கள் மூன்றை ஒரே நாளில் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிலைப் படிக்க வருவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2002 இல் நான் நகரில் ஒரு ஸ்ரூடியோவில் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று என் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தவே ஒரு கிழமை பிடித்தது. ஆனால் அந்த விளம்பரங்களில் இருந்ததெல்லாம் மென்பொருட்களின் பெயர்களும் எபெக்ட்களின் பெயர்களும்தான். எடுத்த படத்தை முதலில் என்ன செய்வது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வருடம் தை மாதம், அப்படி ஒரு வகுப்பை முடித்த தம்பி ஒருவர் என்னிடம் வேலை கேட்டு வந்தார். கை நல்ல வேகம். ஒரு கலியாணத்தின் மூலப் படம் முழுவதையும், கமராவில் எடுத்தபடியே வெட்டாமல், கொடுத்தேன். இரண்டு கமராவும் சேர்த்து ஐந்து மணி நேரம், மேலதிகமாகப் பொம்பிளையின் மச்சான் கைபேசியில் எடுத்த துண்டுகள். அடுத்த நாள் மத்தியானமே நாலு நிமிடப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நிறம் அழகாக இருந்தது. தாலி கட்டும் இடத்தை மெதுவாக ஓடவிட்டு, அதற்கு மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். கெட்டிமேளம் இல்லை.

"தாலி கட்டேக்க பொம்பிளையின்ர அம்மம்மா எங்க இருந்தவ தம்பி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கமராவில், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, அந்த அம்மம்மா வருகிறார். கால் ஏலாமல் ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறார். கையில் அறுகரிசியைப் பொத்தி வைத்திருக்கிறார். கெட்டிமேளம் தொடங்கியதும் மற்றக் கையைக் கதிரையில் ஊன்றி, ஒருவருடைய உதவியும் இல்லாமல் எழும்பி நிற்கிறார். மொத்தம் பதினொரு செக்கன். ஐந்து மணி நேரத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. தம்பி அதைப் பார்க்கவே இல்லை.

அவரில் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வகுப்பில் பழகக் கொடுத்தவை யாரோ ஏற்கெனவே தெரிந்தெடுத்து வைத்த பத்துப் பத்துச் செக்கன் துண்டுகள். எல்லாமே நல்ல துண்டுகள். அவற்றை எப்படிச் சேர்த்தாலும் வடிவாக இருக்கும். ஐந்து மணி நேரத்துக்குள் இருந்து அந்தப் பதினொரு செக்கனைத் தேடியெடுப்பதுதான் எங்கள் தொழில் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நான் பழகியது இரண்டு வீ.எச்.எஸ். டெக்கில், அதாவது வீடியோக் கசெற்றை ஓடவிடவும் பதியவும் செய்கிற பெட்டிகளில். ஒன்றில் மூலக் கசெற் ஓடும், மற்றதில் வெறுங் கசெற்றில் பதிய வேண்டும். பதிகிற டெக் கிளம்பச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், வேண்டிய இடம் வருவதற்கு ஒரு மூச்சு முன்னதாகவே பொத்தானை அமத்த வேண்டும். அந்த இடைவெளியைக் கைதான் பழக வேண்டும். பத்தாவது காட்சி வரை வந்த பிறகு நாலாவது பிழை என்று கண்டால், நாலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பதிய வேண்டும். பதிந்ததில் இருந்து இன்னொரு கொப்பி எடுக்க எடுக்கப் படம் மங்கும், கூறையின் சிவப்பு கரைந்து வெளியே வழியும். ஆகவே என்னைப் பழக்கிய அண்ணை டெக்கைத் தொடவே விடவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் தந்து, "முதல் முழுக்கப் பார் பிள்ளை, பார்த்து எழுது" என்றார். கசெற் எந்த இடத்தில் நிற்கிறது என்று டெக் காட்டும் கவுண்டர் இலக்கம், யார் வருகிறார், என்ன கதைக்கிறார், எங்கே கமரா ஆடுகிறது. மூன்று மணி நேரக் கசெற்றுக்கு ஒரு முழு நாள் போகும். என் முதல் ஆறு மாதமும் அப்படித்தான் போனது. வீட்டுக்கு வந்து கோபத்தில் அழுதும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கொப்பியை எழுதி மூடும்போது படத்தில் பாதி மனதுக்குள் வெட்டப்பட்டிருக்கும்.

டெக் காலம் திரும்ப வர வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் ஸ்ரூடியோவுக்குக் கணினி வந்த அன்று இரவு பத்து மணி வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எந்த இடத்தையும் எந்த நேரமும் மாற்றலாம் என்பது பெரிய வரம். ஆனால் டெக்குக்கு முன்னால் யோசிக்காமல் இருக்க முடியாது. கணினிக்கு முன்னால் இருக்கலாம். அந்த யோசனையை இப்போது படிப்பிக்கிறவர்தான் பழக்க வேண்டும்.

என் கையால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2006 ஆவணியில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டப்பட்ட பிறகு, கமராவுக்குப் போடுகிற மினி டீ.வி. (Mini DV) கசெற் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு கலியாணத்தை வெட்டிக் கொடுத்ததும் அதன் மூலக் கசெற்றை அடுத்த கலியாணத்துக்கு எடுத்துவிடுவோம். கணினியில் இறக்கியதையும் அழித்துவிடுவோம். ஒரு மணி நேரப் படம் 13 ஜீபீ பிடிக்கும், எங்களிடம் இருந்த ஹாட்டிஸ்க்கோ 80 ஜீபீ. அப்போது அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

2007 இல் நான் வெட்டிய ஒரு கலியாணம். நாலைந்து மாதத்தில் பொம்பிளையின் தகப்பன் இறந்துவிட்டார். அந்தியேட்டி முடிந்து தாயார் ஸ்ரூடியோவுக்கு வந்தார். "வீடியோவில அவர் நிக்கிறார், நடக்கிறார், ஆக்களை வாங்கோ எண்டு கூப்பிடுறார். ஆனா எல்லா இடத்திலயும் பாட்டுத்தான் கேக்குது. அவற்ர குரல் ஒரு இடத்திலயும் இல்லைப் பிள்ளை" என்றார். அந்தக் குரலை நான் மூலத்தில் கேட்டிருந்தேன். படலையடியில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பாட்டைப் போட்டது என் கை. மூலக் கசெற்றில் அப்போது வேறொரு வீட்டுக் கலியாணம் பதிந்திருந்தது. தாயாருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பம் போனது. தென்மராட்சியில் இருந்து திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது, அல்பம் இல்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. படம் இல்லாமல் போவது என்னவென்று தெரிந்த நான்தான் அதை அழித்தேன்.

ஆகவே என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது கொப்பி பண்ணுவதை. கமராவின் மெமரி கார்ட்டில் இருந்து இரண்டு வெவ்வேறு ஹாட்டிஸ்க்குக்கு எடுக்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் கார்ட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும், நாலைந்தை நடுவில் ஓடவிட்டும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கார்ட்டை அழிக்கலாம். இது ஆகக் குறைந்தது. மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் சொல்லப்படுகிற கணக்கு. 4கே படத்தைச் செக்கனுக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரம் 45 ஜீபீ, ஐந்து மணி நேரக் கலியாணம் 225 ஜீபீ. அந்தச் செலவைக் கலியாண வீட்டாருக்கு முதலே சொல்லி விலையில் சேர்த்துக்கொள்ளலாம். காரணத்தைச் சொன்னால் மறுத்த வீட்டாரை நான் இதுவரை காணவில்லை.

பிறகு பார்ப்பது, எழுதுவது. அதோடு வேகக் கணக்கு. இலங்கையில் ரீவிக்குச் செக்கனுக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு செக்கனுக்கு வைத்தால் மண்டபத்து ரியூப்லைற் வெளிச்சம் படத்தில் மினுங்காது. அறுபதில் ஒன்றுக்கு வைத்தால் பட்டை பட்டையாக ஓடும், அதை வெட்டும் மேசையில் முழுதாகத் திருத்த முடியாது. கைபேசிகள் பெரும்பாலும் 30 பிரேமில் எடுக்கும், அதுவும் ஒரே சீராக எடுக்காது. மச்சான் நீளமாக எடுத்த ஒரு துண்டைத் தம்பி அப்படியே போட்டதால், போகப் போக ஐயரின் வாய் ஒரு பக்கமும் மந்திரம் ஒரு பக்கமுமாகப் போனது. முதலே அதைச் சீரான வேகத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். இரண்டு கமராவை ஒன்றோடு ஒன்று பொருத்தச் சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். எங்களுக்குக் கெட்டிமேளத்தின் முதல் தவில் அடிதான் கிளாப். ஒலி அலையில் அது ஊசி போல எழும்பி நிற்கும். இரண்டு ஊசியையும் நேராக வைத்தால் எல்லாம் நேராகும். பாட்டைப் போட்டு மூடிவிடுகிற பிள்ளைக்கு அந்த ஊசி கண்ணில் படாது.

நல்ல கணினி இல்லை என்று கவலைப்படுகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய படத்தில் இருந்து புரொக்சி என்கிற சிறிய பிரதிகளைச் செய்து அவற்றில் வெட்டிவிட்டு, கடைசியில் மூலத்தோடு இணைத்து வெளியே எடுக்கலாம். டாவின்சி ரிசோல்வ் என்ற எடிற்றிங் மென்பொருளின் ஒரு பதிப்புக் காசில்லாமலே கிடைக்கிறது. கடன்பட்டுக் கணினி வாங்கத் தேவையில்லை.

அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பினேன், ஐந்து மணி நேரத்தையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி. நாலு நாள் கழித்து ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தார். அம்மம்மா அதில் இருந்தார், பக்கத்தில் இரண்டு கோடு. ஆனால், "அக்கா, மற்றக் கமராவில பொம்பிளையின்ர மாலை வேற மாதிரிக் கிடக்கு, அதுக்குப் பக்கத்தில இது பொருந்தாது" என்றார். நல்ல கண். அப்போதுதான் வால்ட்டர் மர்ச் என்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளரைப் பற்றிச் சொன்னேன். ஒரு வெட்டுக்கு வேண்டியவற்றை அவர் நூறு புள்ளிக்குப் பிரித்தபோது உணர்ச்சிக்கு 51 கொடுத்தார். ஆட்களும் பொருட்களும் இடத்தில் சரியாகப் பொருந்துவதற்கு 4 தான். நூறு வருடத்துக்கு முன்னர் சோவியத் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் ஒரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டியதையும் சொன்னேன். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்கள் பசியும் துக்கமும் ஆசையும் கண்டார்கள். தம்பி நம்பவில்லை. சரி, செய்து பாரும் என்று விட்டேன். பொம்பிளை சும்மா நேரே பார்க்கிற ஒரு துண்டை முதலில் தோழி சிரிப்பதற்குப் பிறகு வைத்தார், அடுத்து அம்மம்மா எழும்பி நிற்பதற்குப் பிறகு வைத்தார். இரண்டாவது முறை அவர் கையை மவுசில் இருந்து எடுத்துவிட்டார். மாலை எப்படிக் கிடந்தது என்று பிறகு கேட்கவே இல்லை. இப்போது அவர் என்னோடுதான் வேலை செய்கிறார்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முதல் மாதம் எபெக்ட் எதையும் காட்டாதீர்கள். ஒரு முழு நிகழ்ச்சியின் மூலத்தைக் கொடுங்கள். ஆடுகிற படமும், மங்கலும், வீணாக ஓடிய கமராவும் எல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் பார்த்து எழுதி, பாட்டே இல்லாமல் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் வைத்துப் பத்து நிமிடம் வெட்டட்டும். அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் படிப்பியுங்கள். ஸ்ரூடியோ வைத்திருக்கிறவர்கள், சம்பந்தப்பட்ட வீட்டாரின் அனுமதியோடு, பழைய மூலங்களில் ஒன்றிரண்டை இந்த வகுப்புகளுக்குக் கொடுத்து உதவ வேண்டும். அது உங்களிடம்தான் இருக்கிறது, கடையில் வாங்க முடியாது. அன்றைக்கு இரவே பேஸ்புக்கில் போட வேண்டும் என்று நெருக்குகிற வீட்டாரும் முழு வீடியோவுக்கு ஒரு மாதம் தாருங்கள்.

கேட்டதை நானும் செய்ய வேண்டும். என் தங்கையின் கலியாணத்தின் மூலப் படம் முழுவதும், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, இரண்டு வீட்டாரின் சம்மதத்தோடு இதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறேன். யாழ். மாவட்டத்தில் வகுப்பு நடத்துகிற எவரும் பத்திரிகை அலுவலகம் மூலம் என்னைத் தொடர்புகொண்டு, சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஹாட்டிஸ்க்கோடு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். முதல் இருபது நிமிடமும் வெறும் மணவறையும், அதைக் கூட்டிக்கொண்டிருக்கிற எங்கள் சின்னம்மாவும்தான். அதைப் பிள்ளைகள் தாண்டிப் போக விடாதீர்கள். பதினேழாவது நிமிடத்தில் அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, மணவறையில் ஒரு தரம் இருந்து பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்,
கோண்டாவில்.