ஒரு பிளக்கும் முக்கால் மீட்டர் கம்பியும்: மண்டபத்தில் ரேடியோ ஒலிக்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை அனைவருக்கும் வணக்கம்.

கரண்ட் இன்னும் எல்லா வீடுகளுக்கும் வந்து சேரவில்லை. பல கூரைகளில் தார்ப்பாய்தான் கிடக்கிறது. மொரீஷியஸில் புயல் அடித்த அந்த இரவைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. செல்போன் டவர்கள் அடங்கிப்போன பிறகும், வக்வா வானிலை நிலையத்தின் அறிவிப்பு கோவில் மண்டபத்தில் கடைசி வரிசை வரை கேட்டதே, அது பல கைகள் சேர்ந்து செய்த வேலை. அந்தக் கைகளுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். புயலுக்கான மிக உயர்ந்த எச்சரிக்கையான நான்காம் நிலை நடப்பில் இருக்கும்போது வாசலைத் தாண்டக் கூடாது. காற்று சட்டென்று ஓய்ந்தால் அது புயலின் கண்ணா, புயல் கடந்துவிட்டதா என்று ரேடியோ சொன்னால்தான் தெரியும். அதனால்தான் இந்த நன்றி எங்களுக்குப் பெரிது.

முதல் வணக்கம் ரோஸ் ஹில் தாத்தாவுக்கு. ரேடியோ, டிவி பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். பெயர் போட வேண்டாம் என்றார், ஆகவே தாத்தா என்றே எழுதுகிறோம். மண்டபத்தில் இருந்த கருவி நோக்கியா என்900. 2009இல் வெளிவந்த, லினக்ஸ் ஓடும் கையடக்கக் கணினி. உள்ளே எஃப்எம் வாங்கும் சிப் இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் நிரல் ஏறியிருக்கிறது, செயலியும் திறக்கிறது, ஆனால் வருவது இரைச்சல் மட்டும். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "ஆன்டெனா எங்கே, பிள்ளைகளா?"

இந்தக் கருவியில் எஃப்எம் ஆன்டெனா உள்ளே கிடையாது. ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா. இன்று பல வீடுகளில் ஒயர் வைத்த ஹெட்போன் இல்லை, பெரும்பாலும் புளூடூத். ஒயர் ஹெட்போன் ஒன்று கிடைத்தாலும் அடுத்த சிக்கல் தயாராக நிற்கும். பிளக்கைச் செருகியதும் கருவி அதைக் கண்டுகொண்டு ஒலியை ஹெட்போனுக்கு மாற்றிவிடும், ஒருவர் கேட்கலாம், மண்டபம் கேட்காது. பிடுங்கினால் ஸ்பீக்கர் பேசும், ஆனால் ஆன்டெனா போய்விடும்.

தாத்தா தன் பழைய தகர டப்பாவைத் திறந்து, அறுந்துபோன ஹெட்போன் ஒன்றின் பிளக்கை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு குட்டை ஆன்டெனா கட்டிக்கொடுத்தார். கேஸ் அடுப்பில் சூடாக்கிய பழைய செம்புக்கோல்தான் அவருடைய சால்டரிங் அயர்ன். அவர் செய்ததை அப்படியே எழுதிவைக்கிறோம். நன்றி என்று வாயால் சொல்வதைவிட, அவர் கைவேலை நாலு வீட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் அவருக்குப் பிடிக்கும்.

3.5 மில்லிமீட்டர் பிளக், அதிலும் மூன்று பட்டை உள்ளது: நுனி, ஒரு வளையம், அடிப்பட்டை. நான்கு பட்டை பிளக்கைத் தாத்தா ஒதுக்கிவிட்டார், காரணமும் சொன்னார். நான்கு பட்டையில் மைக்கும், எல்லாவற்றுக்கும் பொதுவான மின்முனையான கிரவுண்டும் எந்த வரிசையில் வரும் என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. பழைய நோக்கியாக்களில் ஒரு வரிசை, இப்போது கடையில் விற்கிற ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் வேறு வரிசை. இரண்டும் மாறினால் கிரவுண்டு அந்தரத்தில் தொங்கும். பாடலில் குரல் காணாமல் போய் எதிரொலி மட்டும் கேட்கும், மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகும். ஆன்டெனாவும் கிரவுண்டு வழியாகவே உள்ளே போவதால் நிலையமும் நழுவும். மூன்று பட்டை பிளக்கில் அடிப்பட்டை நீளமாக இருந்து பிளக் நுழையும் துளையான ஜாக்கின் இரண்டு தொடுமுனைகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது, வரிசைச் சண்டைக்கே இடமில்லை.

அடிப்பட்டைக்குரிய முனையில் 75 சென்டிமீட்டர் மெல்லிய பல இழைக் கம்பி, பிளாஸ்டிக் உறையோடு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். எஃப்எம் பட்டை 87.5 முதல் 108 வரை என்பதால் கணக்குப்படி ஒரு கோடியில் 86, மறு கோடியில் 69 சென்டிமீட்டர் வரும், நடுவில் 75 எல்லாவற்றுக்கும் போதும். நுனிக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே ஒரு 33 ஓம் ரெசிஸ்டர், வளையத்துக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே இன்னொன்று, கால் வாட் போதும். ஹெட்போனின் காதுப் பகுதி சாதாரணமாக 32 ஓம். என்900க்கு இந்த ரெசிஸ்டர்கள் கட்டாயம் இல்லை, அது பிளக் உள்ளே போனதை ஜாக்கில் இருக்கும் சுவிட்சால் அறிகிறது. சில கருவிகளோ மின்தடையை அளந்து பார்த்துத்தான் ஹெட்போன் என்று நம்பும். ஒரே பிளக் எல்லாக் கருவிக்கும் ஆகட்டும் என்று தாத்தா இரண்டையும் வைத்தார்.

ஹெட்போன் ஒயரையே கம்பியாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று: அதன் இழைகள்மேல் நிறப் பூச்சு இருக்கும், அது சால்டரை ஏற்காது. முனையை முதலில் சுட்டுப் பூச்சை எரித்துவிட்டு ஈயம் பூச வேண்டும். பிளக்கின் உலோகத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, மூன்று விநாடிக்குள் சூட்டை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பட்டைகளுக்கு இடையே உள்ள பிளாஸ்டிக் இளகி, பிளக் வளைந்து ஜாக்கிலேயே சிக்கும். கடைசியில் மல்டிமீட்டர்: நுனி–அடி 33, வளையம்–அடி 33, நுனி–வளையம் 66 ஓம் காட்ட வேண்டும். எங்காவது பூஜ்யம் வந்தால் ஷார்ட், கருவியில் செருகவே கூடாது.

கம்பியைச் சுருட்டாமல் நேராக, சுவரில் செங்குத்தாக ஒட்டினார் தாத்தா. சுருட்டியபோது மறைந்த நிலையம் நீட்டியதும் வந்தது. இந்தத் தீவில் மலைகள் குறுக்கே நிற்பதால் ஒரே நிலையம் வடக்கில் ஓர் அலைவரிசை எண்ணிலும் தெற்கில் வேறோர் எண்ணிலும் வருகிறது. உங்கள் ஊர் எண்ணில் கிடைக்காவிட்டால் பக்கத்து வட்டார எண்ணையும் தேடிப் பாருங்கள். ஸ்டீரியோவை விட்டு மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் பெருமளவு குறையும், அறிவிப்புக்கு அதுவே போதும்.

பிளக் செருகியும் கருவி அசையாமல் இருந்தபோது டார்ச்சால் ஜாக்கைப் பார்த்து, "பஞ்சு" என்றார். சட்டைப் பையின் பஞ்சு ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகும்போதும் உள்ளே அமுங்கிக் கெட்டியாகிவிடும். பிளக் கொஞ்சம் வெளியே நின்றாலும் சுவிட்ச் தட்டாமல் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மரப் பல்குச்சியால் கிளற வேண்டும், ஊசி கூடவே கூடாது. கடற்காற்றில் பச்சை பிடித்த தொடுமுனைகளுக்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி, பிறகு நன்றாக உலர விட வேண்டும்.

தாத்தா, உங்களுக்கு லினக்ஸ் தெரியாது என்று நீங்களே சொன்னீர்கள். எங்கள் கட்டளைகள் எட்டாத இடத்தை உங்கள் விரல்கள் எட்டின. இந்தத் தீவில் இன்னும் எத்தனை தகர டப்பாக்கள் யாரும் கேட்காமல் அலமாரி மேல் இருக்கின்றன என்று நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது. பழுதுபார்க்கும் கடைகள் ஒவ்வொன்றாக மூடும்போது அந்தக் கைகளின் அறிவும் சேர்ந்தே போகிறது, அதை எந்தக் கையேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

மற்றவர்களுக்கும் நன்றி, எல்லோருக்கும் சேர்த்து.

செருகுவதையும் பிடுங்குவதையும் திரையில் வரிவரியாகக் காட்டும் ஈவ்டெஸ்ட் என்ற கட்டளையை ஓடவிட்டு, பிளக் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வரிகளைச் சத்தமாக வாசித்த பிள்ளைகளுக்கு நன்றி. ஹெட்போன் சுவிட்சின் குறியீடு 2, மைக்கின் குறியீடு 4. என்900இல் இரண்டும் ஒன்றாகவே மாறும், மைக் இல்லாத பிளக்குக்கும் அப்படித்தான், ஏனென்றால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அங்கே இருப்பது ஜிபிஐஓ 177 என்ற ஒரே சிப் கால் (பின்). அந்தக் கால் தலைகீழாகப் படிக்கப்படுகிறது, தாழ்ந்தால் செருகப்பட்டது என்று பொருள். டிரைவர் 200 மில்லிவிநாடி பொறுத்துத்தான் செய்தி அனுப்பும், ஆகவே படபடவென்று செருகிப் பிடுங்கினால் ஒன்றும் வராது. வரி வந்தும் ஒலி மாறாவிட்டால் குற்றம் ஒலி அமைப்பில், வரியே வராவிட்டால் ஜாக்கில். பாதி நேரத்தை மிச்சப்படுத்தியது இந்த ஒரு சோதனைதான்.

புளூடூத்தை அணைக்காதீர்கள் என்று கத்திய அக்காவுக்கு நன்றி. கரண்ட் போனதும் பேட்டரியைக் காக்க யாரும் முதலில் அணைப்பது அதைத்தான். என்900இல் எஃப்எம் வாங்கும் பிசிஎம்2048 என்ற சிப் புளூடூத்தும் சேர்ந்த ஒரே சிப். புளூடூத் உறங்கினால் ரேடியோவும் உறங்கும். முதலில் புளூடூத்தை எழுப்பி, அதன் பிறகு ரேடியோவைத் திறப்பதே சரியான வரிசை.

ரேடியோ0, ரேடியோ1 என்று ரேடியோ சிப்புகளுக்கான இரண்டு முனைகள் (கருவிக் கோப்புகள்) தெரிந்தபோது பெயரைப் பார்க்கச் சொன்ன தம்பிக்கு நன்றி. இதில் எஃப்எம் ஒலிபரப்பும் சிப்பும் ஒன்று உண்டு, எஸ்ஐ4713. எது முதலில் ஏறுகிறதோ அதற்கு 0. ஒலிபரப்பும் முனையில் நிலையம் தேடினால் விடியும்வரை தேடலாம். சிஸ் கோப்புறையில் வீடியோ4லினக்ஸ் பிரிவுக்குள் ஒவ்வொரு முனையின் பெயரும் எழுதியிருக்கும். பயனர் வீடியோ குழுவில் இல்லாவிட்டால் அனுமதி மறுக்கும், அதையும் அவர்தான் பிடித்தார். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் அலைவரிசை அலகைக் கவனியுங்கள். சில டிரைவர்கள் 62.5 கிலோஹெர்ட்ஸ் கணக்கில் கேட்கும், 100 மெகாஹெர்ட்ஸுக்கு 1600. சில 62.5 ஹெர்ட்ஸ் கணக்கில் கேட்கும், அப்போது 16,00,000.

ஒலியை ஸ்பீக்கருக்குத் திருப்பிய அண்ணனுக்கு நன்றி. சிப்பிலிருந்து ஒலி அனலாக் வடிவில், ஒலியைக் கையாளும் கோடெக் என்ற சிப்புக்கு வருகிறது, தானாக ஸ்பீக்கருக்குப் போகாது. ஏரெக்கார்டு என்ற பதிவுக் கட்டளையில் எடுத்து ஏபிளே என்ற ஒலிக்கும் கட்டளையில் ஊற்ற வேண்டும். சிக்னல் அளவு நன்றாகக் காட்டியும் ஒலி இல்லையென்றால் பதிவு அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று ஒலி அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரில் பாருங்கள். பின்னணியில் ஒலியை நிர்வகிக்கும் பல்ஸ்ஆடியோ நிரல் ஒலிக்கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஏரெக்கார்டு 'பிசி' என்று திரும்பிவிடும். குட்டை ஆன்டெனா செருகியிருக்கும்போதே ஸ்பீக்கர் பேச வேண்டுமென்றால் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவில் 'ஜாக் ஃபங்க்ஷன்' ஆஃப், 'ஸ்பீக்கர் ஃபங்க்ஷன்' ஆன். ஆன்டெனா கிரவுண்டில் இருப்பதால் ஜாக்கின் ஒலியை நிறுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பல்ஸ்ஆடியோ வழியாகச் செய்பவர்கள், பிளக்கைக் கண்டு தானே மாற்றிவிடும் மாட்யூலை இறக்கிவிட்டு ஸ்பீக்கர் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

என்900க்குப் பொருந்தும் பழைய பிஎல்-5ஜே பேட்டரிகளை வீடு வீடாகத் தேடிச் சேர்த்தவர்கள், காரில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தவர்கள், கஞ்சி காய்ச்சிய அக்காமார், கேட்டதைக் கிரியோலிலும் தமிழிலும் திருப்பிச் சொல்லி முதியவர்களை அமைதிப்படுத்தியவர்கள், உங்களுக்கெல்லாம் நன்றி. முகம் தெரியாத கர்னல் எழுத்தாளர்களுக்கும் நன்றி. பிசிஎம்2048 டிரைவர் ஒருகாலத்தில் கர்னலில் இன்னும் முழுமை பெறாத டிரைவர்களுக்கான ஸ்டேஜிங் பகுதியில் இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். ஆகவே ரேடியோவுக்காக வைத்திருக்கும் என்900ஐப் புதிய கர்னலுக்கு ஏற்றாதீர்கள், ஓடுகிற பழைய கர்னலின் நகலை வேறு இடத்திலும் வைத்திருங்கள்.

இனி ஒவ்வோர் ஆண்டும், புயல் பருவம் தொடங்கும் முன்பே, கோவில் மண்டபத்தில் குட்டை ஆன்டெனா கட்டித்தருவோம். காசு வேண்டாம். கருவியையும் கொண்டுவந்தால் ஜாக்கைச் சுத்தம் செய்து, சுவிட்சைச் சோதித்து, உங்கள் வட்டாரத்து எண்களை எழுதி ஒட்டித் தருவோம். தாத்தா வருவதாகச் சொல்லியிருக்கிறார், சால்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்காரலாம். காது போன ஹெட்போன் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பிளக்கோடு ஒரு சாண் ஒயரை விட்டு வெட்டி, மண்டபத்து வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். மூன்று பட்டையாக இருந்தால் ரொம்ப நல்லது.

அன்புடன்,
மண்டபத்து ரேடியோ குழு