வேதாகம வரலாற்று வகுப்பைத் திரும்பத் தாருங்கள்: சேகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் சேகர மன்ற உறுப்பினர்களுக்கும் கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் வாழ்த்துதல்கள்.

சனிக்கிழமை மாலைகளில் வாலிபர்களுக்கு நான் நடத்திவந்த வேதாகம வரலாற்று வகுப்பு விசுவாசத்தைக் குலைக்கிறது என்று தீர்மானித்து நிறுத்திவிட்டீர்கள். மன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கிளற எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த வகுப்பை மறுபடி நடத்த அனுமதி தாருங்கள்.

ஆனால் நம் சபைப் பையன் ஒருவனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்லூரி விடுதியில் யாரோ காட்டிய காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, "1 யோவான் 5:7 பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லையாமே, அப்படியானால் திரித்துவம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். வம்புக்குக் கேட்கவில்லை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற நம்பிக்கையே போய்விடுமோ என்று பயந்துபோய்க் கேட்டான். நம் ஆலயத்தில் திடப்படுத்தல் பெற்றவன். கிறிஸ்துமஸ் கீத பவனியில் முன்னால் நின்று பாடுகிறவன். அவனை எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்து, இது பிசாசு கேட்கும் கேள்வி என்று நம் மூத்தவர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அவன் நற்கருணைக்கு எழுந்து போகவில்லை. பிறகு ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஆராதனை முடிந்ததும் அவன் தாயார் என்னிடம் வந்து, இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற சபையில் என் மகனுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லையா என்று கேட்கிறார். அவர்கள் வீட்டுக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் சபை நடுவே தலைகுனிந்தவனுக்குச் சபை நடுவேதான் பதில் கிடைக்க வேண்டும்.

அவன் கேள்விப்பட்டது உண்மை. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கும் அந்த அடி, 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இல்லை. அது தெளிவாகத் தென்படத் தொடங்குவது 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், லத்தீன் எழுத்துகளில். கிரேக்க அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. கண்டனம் வலுத்தது, அந்த அடியுள்ள கிரேக்கப் பிரதி ஒன்றும் அவர் முன் வைக்கப்பட்டது. 1522 பதிப்பில் சேர்த்தார். அந்தப் பிரதியே 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. மார்ட்டின் லூத்தர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இந்த அடி கிடையாது. 1995இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் இல்லை. லூத்தரையும் அந்த மொழிபெயர்ப்பில் உழைத்தவர்களையும் பிசாசின் பக்கம் நிறுத்துவோமா?

இதனால் திரித்துவம் விழுந்துவிடவில்லை என்பதைத்தான் அடுத்த வகுப்பில் சொல்லவிருந்தேன். 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுவின் போதனையை மறுத்தவர்கள் கையில் இந்த அடி இல்லை. அந்தப் போதனையை எதிர்த்து ஐந்து முறை நாடு கடத்தப்பட்ட அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு கையிலும் இல்லை. நற்கருணை ஆராதனையில் நாம் எழுந்து நின்று சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணம், 381இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தோடு இன்றைய வடிவத்துக்கு நெருங்கி வரும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. பேரரசர்கள் மாறும்போதெல்லாம் ஆயர்களின் நிலையும் மாறியது. அந்தப் போராட்டத்தில் வேதத்தை வரிவரியாக வாசித்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, நம் முன்னோர் வந்தடைந்த அறிக்கை அது. இந்தக் கதையை அறிந்த பிள்ளையை எந்தக் காணொளி அசைத்துவிடும்? அறியாத பிள்ளையைத்தான் ஒரே இரவில் அசைத்துவிட்டது.

வகுப்புக்கு மூடப்பட்ட அதே மண்டபத்தில் போன மாதம் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வந்த பிரசங்கியார் வரைபடம் விரித்து, இரகசிய வருகை எப்போது, உபத்திரவ காலம் எத்தனை ஆண்டு என்று விளக்கினார். கைவிடப்பட்டுப்போவோம் என்று சிறுபிள்ளைகள் அழுதார்கள். அந்தப் போதனை எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே! சபை முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு உபத்திரவம் வரும் என்ற அந்த அட்டவணையை 1830களில் வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பி, 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த ஆலயத்தைவிட வயதில் இளைய உபதேசம் அது. அதை நம்புகிறவர்கள் நம்பட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அதற்கு ஒலிபெருக்கி, 1,700 ஆண்டு விசுவாசப்பிரமாணத்தின் வரலாற்றுக்குப் பூட்டு என்றால், விசுவாசத்தைக் காக்கிறோம் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. மன்றத் தேர்தலுக்கு மாதக்கணக்கில் வீடுவீடாக நடக்க நமக்கு நேரம் இருக்கிறது. பிள்ளைகளின் கேள்விக்கு ஒரு மணி நேரம் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று தள்ளிவிடாதீர்கள். ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்துதான் எழுதுகிறேன் என்று லூக்கா தம் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாட்டைப் பின்னால் வந்த பப்ரிசியஸ் திருத்தி எழுதினார். இரேனியஸ் ஐயர் மறுபடி திருத்தினார். 1871இல் பவர் ஐயர் குழு மேலும் திருத்தியது. மூலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதை இவர்கள் ஒருவரும் அவிசுவாசமாக எண்ணவில்லை. அந்த உழைப்பின் பலனைத்தான் ஞாயிறுதோறும் கையில் ஏந்தி ஆலயத்துக்கு வருகிறோம்.

எனவே ஐயா, மிகுந்த பணிவுடன் மறுபடி கேட்கிறேன். வகுப்பை மீண்டும் தொடங்க அனுமதி தாருங்கள். உங்களில் ஒருவர் வாரந்தோறும் வந்து உட்காரட்டும். நான் சொல்வதில் பிழை இருந்தால் அங்கேயே திருத்தட்டும். பாடக்குறிப்புகளை முன்கூட்டியே குருவானவரிடம் காட்டச் சம்மதிக்கிறேன். வகுப்பு என்னிடம் வேண்டாம் என்றால் இறையியல் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரை அழையுங்கள், நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்தத் தாயாரின் வீட்டுக்கு மன்றத்தின் சார்பில் ஒருவர் போய், அவர் மகனைப் பெயர் சொல்லி வகுப்புக்கு அழைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபை அங்கத்தினர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை