லேடி மேரியின் கவிதைகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே அவருக்குக் கண்புரை எடுத்தாயிற்று. பேப்பரை அவரே படித்துக்கொள்கிறார். அதில் மிச்சமாகிற பொழுதெல்லாம் எனக்கு லேடி மேரி வொர்ட்லி மாண்டகுவோடு போகிறது.

நமக்கு அவரை அம்மை குத்தும் வழக்கத்தைத் துருக்கியில் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் என்றுதானே தெரியும்? அவர் கவிதைகள் பட்ட பாட்டைக் கேள்.

1716 மார்ச்சில் எட்மண்ட் கர்ல் என்ற லண்டன் பதிப்பாளர், நண்பர்களுக்குள் கையெழுத்துப் படியாகச் சுற்றிக்கொண்டிருந்த மூன்று கவிதைகளை ‘அரண்மனைக் கவிதைகள்’ என்று அச்சிட்டுவிட்டார். எழுதியவர் பெயர் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒரு பிரபுவின் விசாரணை முடிந்த நாளில் கீழே கிடந்த பாக்கெட் நோட்டில் கிடைத்தவையாம்! முன்னுரை இன்னும் மோசம். ஒரு காபிக் கடையில் இது உயர்குலப் பெண் ஒருத்தி எழுதியது என்கிறார்களாம், இன்னொரு கடையில் கவிஞர் ஜான் கே என்கிறார்களாம், செல்சி பக்கத்துக் கனவான் ஒருவரோ ஹோமரை மொழிபெயர்த்தவர்தான் என்று அடித்துச் சொல்கிறாராம். அதாவது கவிஞர் அலெக்ஸாண்டர் போப். கர்ல் விற்றது அந்தச் சந்தேகத்தைத்தான். 1710 முதல் பதிப்புரிமைச் சட்டம் இருந்தது, சரி. ஆனால் ‘என்னுடையது’ என்று முன்னால் வந்து சொல்ல முடியாதவருக்கு அதனால் என்ன பயன்?

போப் கர்லின் மதுவில் வாந்தி மருந்தைக் கலந்து பழிவாங்கிய கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு மேரியின் நிலைதான் மனதை அறுக்கிறது. அம்மையில் விழுந்து எழுந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அச்சான கவிதை ஒன்றில் வரும் ராக்ஸானா இளவரசியைக் குறை சொல்லிப் புலம்புகிறாள், அது மேரியின் சொந்தக் குரல் என்று நினைத்துவிட்டால் அரண்மனை வாசல் மூடிக்கொள்ளும். மேல்குடிப் பெண் புத்தகம் போடுவதே இழுக்கு என்றிருந்த காலம் வேறு.

அப்புறம் 1720இல் அந்த மூன்றில் ஒன்று, காதலன் கைவிட்ட 35 வயது லிடியாவின் கவிதை, கேயின் தொகுப்பில் வந்தது. 1747இல் எழுத்தாளர் ஹொரெஸ் வால்போல் மேரியின் ஆறு கவிதைகளையும் வெளிக்கொணர்ந்தார். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்று. அதில் வெள்ளிக்கிழமைக்கு அதே லிடியா! அப்போதும் முழுப் பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டும்.

நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். அன்று எல்லோரும் பத்து அசை, ஈரடிக்கு ஓர் இயைபு என்றுதான் எழுதினார்கள். நண்பர்கள் ஒருவர் வரியை ஒருவர் திருத்துவதும் உண்டு. ஆனால் சனிக்கிழமைக் கவிதையைப் படி. அம்மையில் அழகு போன ஃப்ளேவியா சாய்ந்து கிடக்கிறாள். வலது கையில் கண்ணாடி இருக்கிறது, ஆனால் முகம் தெரியாதபடி திருப்பிப் பிடித்திருக்கிறாள். கீழே வைத்துவிடவும் மனசு வரவில்லை. இமை முடி உதிர்ந்துபோன மேரிக்குத்தான் அந்தக் கை தெரியும். அதைப் படித்துவிட்டு லிடியாவிடம் திரும்பினால், அதுவும் அவர் குரலாகவே எனக்குக் கேட்கிறது. கே கை வைத்திருக்கலாம், ஆனால் முதல் ஆள் மேரிதான்.

இரண்டு லிடியாக்களையும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கேயுடையது கொஞ்சம் நீளம். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. நான் சொல்வதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் காரணத்தோடு எழுது.

பேத்திக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் தோழி